அரிவைக்கு வயது குறித்தவர் யார்?

தமிழில் பெண்ணுக்குப் பருவம் ஏழு என்றும், 5 வயது முதல் 7 வரை பேதை, 8 முதல் 11 வரை பெதும்பை, 12-லும் 13-லும் மங்கை, 14 முதல் 19 வரை மடந்தை, 20 முதல் 25 வரை அரிவை, 26 முதல் 31 வரை தெரிவை, 32 முதல் 40 வரை பேரிளம்பெண் என்றும், இவ்வாறு ஆண்டுக் கணக்கோடு பெண்ணுக்குப் பெயர் வகுத்த மொழி உலகில் வேறு இல்லை என்றும் சொல்லாத தமிழாசிரியர் இன்று அரியர். போட்டித் தேர்வுக் கையேடுகளில் இது வினாவாக வருகிறது. பட்டிமன்ற மேடையில் கைதட்டலுக்குரிய செய்தியாக வருகிறது. கைப்பேசியில் காலை வணக்கத்தோடு சேர்ந்து அட்டவணையாகவே வீடுதோறும் வந்து இறங்குகிறது. சங்கம் இருந்த ஊர் என்ற உரிமையினால் மதுரை மக்களுக்கு இச்செய்தியில் அபிமானம் ஒரு பங்கு கூடுதலாகவே உண்டு. அந்த அபிமானத்தை நான் மதிக்கிறேன். ஆயினும் அது பிழையானதோர் ஆதாரத்தின்மேல் நிற்கிறது என்பதை, அதே மதுரையோடு தொடர்புடைய நூல்களையும் அதே மதுரைச் சீமையின் நாட்டுப்புறப் பேச்சையும் சாட்சிகளாக நிறுத்தி எடுத்துரைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

விவகாரம் இன்னதென்பதை முதலில் வரையறுத்துக்கொள்வோம். அத்தகைய பட்டியல் ஒன்று தமிழில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. இலக்கிய வகைகளுக்கு இலக்கணம் கூறும் பாட்டியல் நூல்கள் அதைச் சொல்கின்றன, உலாப் பாடிய புலவர்கள் அதைப் போற்றியிருக்கிறார்கள். அந்தப் பட்டியலே அச்சொற்களின் பொருள் என்றும், ஆதியிலிருந்தே தமிழர் மடந்தை என்றால் பதினான்கையும் அரிவை என்றால் இருபதையும் எண்ணிக்கொண்டே பேசினார்கள் என்றும், ஆகையால் பழம்பாட்டில் அச்சொல் வருமிடமெல்லாம் அவ்வயதை வைத்தே உரை காணவேண்டும் என்றும் நிலவுகிற கொள்கையைத்தான் மறுக்கிறேன். ஓர் இலக்கிய வகைக்கு மட்டும் உரிய ஏற்பாட்டை ஒரு மொழியின் சொற்பொருளாகவே மாற்றிவிட்ட தவறு அது.

தருமிக்குப் பொற்கிழி அருளிய கதையை அறியாத மதுரைக்காரர் இரார். ஆவணி மூலத் திருவிழாவில் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் ஆண்டுதோறும் அந்த லீலை கொண்டாடப்படுகிறது. பாண்டியன் மனத்தில் எழுந்த ஐயமும், ஆலவாய் இறைவன் ஏழைத் தருமிக்கு எழுதிக் கொடுத்த பாட்டும், நக்கீரர் கண்ட குற்றமும், நெற்றிக்கண்ணின் வெம்மை தாங்காமல் அவர் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததும் சிறு பிள்ளைகளும் சொல்லும் செய்திகள். அந்தப் பாட்டு குறுந்தொகையில் 2-ஆம் பாட்டாக, இறையனார் என்ற பெயரோடு, இன்றும் நம் கையில் இருக்கிறது. களவொழுக்கத்தின் தொடக்கத்தில், தலைவியைக் கூடி மகிழ்ந்த தலைவன் ஒரு தும்பியை நோக்கி அவளது நலத்தைப் பாராட்டுவதாக அது அமைந்தது. அதில் தலைவியைக் குறிக்கும் சொல் அரிவை என்பது.

இனி அட்டவணைக்காரர் கணக்கைப் பார்ப்போம். அரிவை என்றமையால் அவளுக்கு வயது இருபதுக்குக் குறையாது. ஆனால் அதே இறையனார் பெயரால் வழங்கும் 60 சூத்திரக் களவியலுக்கு நக்கீரர் பெயரால் வழங்கும் உரை ஒன்று இருக்கிறதே, அந்த உரைமரபு களவுக்குரிய தலைவிக்குப் பன்னிரண்டும் தலைவனுக்குப் பதினாறும் பிராயமாகக் கொள்வது. புகார் நகரத்துக் கண்ணகிக்கும் கோவலனுக்கும் மணம் நிகழ்ந்தபோது இளங்கோவடிகள் கூறும் வயதும் அதுவே. அட்டவணைப்படி பன்னிரண்டு வயதினள் மங்கை. அவளை அரிவை என்றல் பெரும்பிழை. இறைவன் பாட்டென்றும் பாராமல் அதில் பொருட்குற்றம் கண்டவர், கூந்தலின் மணம் இயற்கையா செயற்கையா என்று தேவமாதர் கூந்தல்வரை வாதத்தைக் கொண்டுசென்றவர், மங்கையை அரிவை என்று சொன்ன இந்தக் குற்றத்தைமட்டும் ஏன் விட்டுவிட்டார்? கதை வரலாறு அன்று என்று சிலர் சொல்லலாம். கதை வரலாறாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பாட்டையும் அந்தக் களவியலையும் ஒருவர் பெயரிலேயே வைத்துப் போற்றி, அந்தக் கதையையும் அந்த உரையையும் நக்கீரரோடு இணைத்துத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த தமிழறிஞர் ஒருவருக்கேனும் அச்சொல் உறுத்தவில்லை என்பதே போதுமான பிரமாணம். உறுத்தாமைக்குக் காரணம், அரிவை என்பது அவர்கள் செவிக்கு இளம்பெண் என்ற பொருளையே தந்தது, வயதை உணர்த்தவில்லை என்பதே.

ஒரு பாட்டை வைத்து ஒரு கொள்கையை வீழ்த்தலாமா என்று கேட்பவர்கள் திருக்குறளின் காமத்துப்பாலைத் திறந்துபார்க்கட்டும். அங்கே வள்ளுவர் படைத்த தலைவியை, தலைவன் அவளைக் கண்டு வியக்கும் 1084-ஆம் குறளில் பேதை என்கிறார். கூடி மகிழும் 1107-ஆம் குறளில் அரிவை என்கிறார். அவளோடு தனக்குள்ள நட்பை உடம்புக்கும் உயிருக்கும் உள்ள உறவாக அவன் சொல்லும் 1122-ஆம் குறளில் மடந்தை என்கிறார். மணந்து வாழ்ந்த பின்னர், தழுவிய கைகளைச் சற்றே தளர்த்திய அளவில் அவள் நெற்றி பசந்ததென்று கூறும் 1238-ஆம் குறளில் மீண்டும் பேதை என்கிறார். காமத்துப்பாலைக் களவும் கற்புமாகத் தொடர்ந்துசெல்லும் ஒழுக்கமாகக் கற்பதே நம் மரபு. அட்டவணையை இங்கே பிரயோகித்தால் ஐந்து வயதுக் குழந்தை இருபது வயதினளாகி, பதினான்குக்குத் திரும்பி, கணவனைப் பிரியவொண்ணாத மனைவியான பின்பு மறுபடியும் ஐந்து வயதை அடைகிறாள் என்று உரை எழுதவேண்டிவரும். அவ்வாறு எழுதினால் அது பொருத்தமின்மையோடு நிற்காது. கூட்டத்தின் இன்பத்தைப் பேசும் அதிகாரங்களில் ஐந்து வயதை நுழைப்பது அருவருக்கத்தக்க குற்றமாகும். பரிமேலழகர் உள்ளிட்ட உரையாசிரியர் எவரும் அவ்வாறு கொண்டாரில்லை. தலைவியின் கள்ளமின்மை தோன்றப் பேதை என்றும், மென்மை தோன்ற மடந்தை என்றும், பெண்மை நலம் தோன்ற அரிவை என்றும் ஒருத்தியையே மூவகையாகச் சொல்லும் சுதந்திரம் வள்ளுவருக்கு இருந்தது.

மங்கை என்ற சொல்லுக்கு மதுரையிலேயே மேலான சாட்சி ஒருவர் இருக்கிறார். சோழன் மகளாய்ப் பிறந்து, பாண்டியன் நின்றசீர் நெடுமாறனுக்குத் தேவியாகி, ஞானசம்பந்தரை ஆலவாய்க்கு வரவழைத்து, நாயன்மார் வரிசையில் இடம்பெற்ற மூன்று பெண்களுள் ஒருவராய் விளங்கும் அந்த அம்மையாரின் திருநாமம் மங்கையர்க்கரசி. பன்னிரண்டும் பதின்மூன்றுமான சிறுமியருக்கு அரசி என்று அதற்கு யாராவது பொருள் சொல்லத் துணிவார்களா? பெண்ணினத்துக்கே அரசி என்பதல்லவா பொருள்! அவ்வாறே நிலமடந்தை என்றும் திருமடந்தை என்றும் புலவர் பாடும்போது பூமிக்கும் திருமகளுக்கும் பதினான்கு முதல் பத்தொன்பதுக்குள் வயது கட்டுவதில்லை. நிகண்டுகளும் இச்சொற்களில் பலவற்றைப் பெண்ணின் பொதுப்பெயர்களோடு சேர்த்து அடுக்கியிருக்கின்றன. அட்டவணை அன்பர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டுவதில்லை.

எதிர்க்கட்சியில் வலிய சான்று ஒன்று இருக்கிறது. அதை மறைப்பது நியாயமாகாது. அகநானூற்றின் 7-ஆம் பாட்டில், கயமனார் வாக்காக, உடன்போக்கில் சென்றுவிட்ட பெண்ணின் செவிலி, தான் முன்னர் அவளுக்குச் சொன்ன அறிவுரையை நினைத்து நொந்துகொள்கிறாள். நீ இனிப் பேதை அல்லை, பெதும்பைப் பருவத்தை அடைந்துவிட்டாய், புறத்தே உலாவுதல் தகாது என்ற கருத்துப்பட அவள் சொன்னதாக வருகிறது. பருவம் என்ற சொல்லே அங்கு நிற்கிறது. ஆகவே சங்க காலத்திலேயே இவை வயதுப் பெயர்கள் என்பர். பெதும்பை என்பது வளர்ச்சியின் ஒரு நிலையைக் குறிக்கும் சொல் என்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் செவிலி எதைக் கொண்டு பருவத்தை அளந்தாள்? மகளின் மேனியில் தோன்றிய மாற்றங்களையும் விளங்கும் எயிற்றையும் கொண்டு அளந்தாளே அல்லாமல் ஆண்டுகளைக் கொண்டு அளக்கவில்லை. எட்டென்றோ பதினொன்றென்றோ அவள் வாயில் எண் வரவில்லை. அன்றியும், பேதை அல்லை என்று சொன்ன அதே மூச்சில் அவள் எதிர்நிறுத்தும் சொல் மேதை என்பது. பேதைக்கு எதிர்ச்சொல் மேதையானால் அங்கே பேசப்படுவது அறியாமையும் அறிவும் என்பது வெளிப்படை. ஏழில் இரண்டுக்கு இந்த அளவு ஆதரவு கிடைக்கிறது. அதுவும் எண் இல்லாத ஆதரவு. எஞ்சிய ஐந்துக்கு அந்தப் பாட்டு துணைசெய்யவில்லை.

அப்படியானால் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? உலாவிலிருந்து வந்தன. தொல்காப்பியத்தில் ஏழு பருவத்துக்கு ஆண்டு வகுத்த சூத்திரம் கிடையாது. சேரமான் பெருமாள் நாயனார் பாடிய திருக்கைலாய ஞான உலாவை ஆதி உலா என்பார்கள். பின்னர்ப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் சோழர் மூவர்மீது மூன்று உலாக்கள் பாடினார். மதுரைக்கும் புராணத் திருமலைநாதர் பாடிய சொக்கநாதர் உலா கிடைத்தது. இறைவனோ அரசனோ வீதியில் பவனி வருகிறான். கண்ட பெண்கள் காதல் கொள்கிறார்கள் என்பதே இவற்றின் அமைப்பு. சித்திரைத் தேர் மாசி வீதிகளைச் சுற்றிவரும் காலையில் அங்கே நின்றவர்களுக்கு உலாப் புலவனின் பிரச்சினை எளிதில் விளங்கும். வடம் பிடிப்போர் கூச்சல் ஒரு திருப்பத்தில் எழுந்ததும், இடுப்பில் இருக்கும் பேத்தி பொம்மையை நழுவவிடுகிறாள். தாவணிப் பெண் மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து எட்டிப்பார்க்கிறாள். புதுமணப் பெண் கணவன் தோளுக்குப் பின்னே நின்று கைகூப்புகிறாள். அவள் மாமியார் அதே திண்ணையில் விடியற்காலையிலேயே இடம்பிடித்து அமர்ந்திருக்கிறாள். வீதி முழுவதையும் பாட்டுக்குள் கொண்டுவர விரும்பும் புலவன், எல்லோரையும் ஒரே கூட்டமாகக் காட்டினால் கவிதை சலித்துப்போகும். ஆதலின் சிறியவளில் தொடங்கிப் பெரியவளில் முடிய வரிசைப்படுத்துகிறான். காதல் அறியாத பேதை விளையாட்டில் இருக்கிறாள். பெதும்பையிடம் காதல் அரும்பத் தொடங்குகிறது. மேலே செல்லச் செல்ல உணர்ச்சி முதிர்கிறது. முன்பு பொதுச்சொற்களாகவும் குணச்சொற்களாகவும் இருந்தவற்றை எடுத்துப் படிகளாக அடுக்கினான் புலவன். அழகான உத்தி அது. அதன் சிறப்பை நான் குறைத்துக் கூறவில்லை.

உலாவுக்கு இலக்கணம் வரைந்த பாட்டியலாரே பின்னர் அப்படிகளுக்கு எண் கட்டினார்கள். அவர்களுக்குள்ளும் ஒற்றுமை இல்லை. பன்னிரு பாட்டியலை எடுத்துக்கொண்டால் பேதைக்கு எல்லை எட்டு. பெதும்பைக்கு ஒன்பதும் பத்தும் மட்டுமே. மங்கை பதினொன்றில் தொடங்கிப் பதினான்குவரை செல்கிறாள். மடந்தை பதினெட்டில் முடிகிறாள். பேரிளம்பெண் முப்பத்தாறோடு நின்றுவிடுகிறாள். கைப்பேசி அட்டவணையிலோ அவள் நாற்பதுவரை வருகிறாள். ஒரு சொல்லின் பொருளே இவ்வெண்ணென்றால் இரண்டு நூல்களில் இரண்டு எண் வருமா? அதே பன்னிரு பாட்டியல் ஆடவருக்கும் வயது கட்டியிருக்கிறது. மறவோனுக்குப் பதினான்கு, திறலோனுக்குப் பதினைந்து, முப்பதைக் கடந்தால் முதுமகன் என்பது அதன் கணக்கு. இதை எந்தப் பள்ளியில் கற்பிக்கிறார்கள்? புறநானூற்று மறவர்கள் எல்லாம் பதினான்கு வயதுச் சிறுவர்கள் என்று எந்த ஆசிரியர் உரை சொல்கிறார்? ஆண்களின் பட்டியலைப் பாட்டியலோடு விட்டுவிட்டுப் பெண்களின் பட்டியலைமட்டும் பண்பாட்டின் சாசனமாக உயர்த்திப்பிடிப்பதற்கு இலக்கணத்தில் காரணம் இல்லை. பெண்ணை வயதால் அளக்கும் நம் காலத்து ஆசையே அதற்குக் காரணம்.

இலக்கிய சம்பிரதாயத்தை வாழ்க்கை விதியாகக் கொள்ளலாகாது என்பதற்குப் பிள்ளைத்தமிழும் ஓர் உதாரணம். குமரகுருபரர் மீனாட்சியம்மைமீது பாடி, திருமலை நாயக்கர் காலத்து மதுரையில் அரங்கேற்றிய பிள்ளைத்தமிழில், செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை என்று பருவங்கள் வரிசையாக வருகின்றன. பாட்டியலார் அவற்றுக்கு மாதக் கணக்கும் கொடுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு ஒரு தாய் தன் குழந்தை குறித்த மாதத்தில் கைகொட்டவில்லை என்று கவலைப்படுவதில்லை. அங்கே விளங்குகிற நியாயம் உலாவுக்கு வரும்போது நமக்கு மறந்துபோகிறது.

சொற்பிறப்பு சொல்ல வருவோர் இந்தக் குழப்பத்தை மேலும் வளர்க்கிறார்கள். உலகத்தை அறிந்தவள் அரிவை, எல்லாம் தெரிந்தவள் தெரிவை என்று விளக்கம் கூறி, இருபதில் அறிவும் இருபத்தாறில் தெளிவும் வருவதாக வியாக்கியானம் செய்கிறார்கள். அறிவு வல்லின றகரத்தை உடையது. அரிவை இடையின ரகரத்தை உடையது. இரண்டையும் ஒன்றாக்குவது எழுத்துப் பிழையின்மேல் கட்டிய ஆராய்ச்சி. மடந்தையில் மடம் என்ற மென்மைக் குணம் இருக்கிறது; பேதையில் பேதைமை இருக்கிறது; தங்கை, நுங்கை, எங்கை என்ற உறவுப் பெயர்களோடு ஒரே அச்சில் வார்க்கப்பட்டு, நம்பிக்கு இணையாக நிற்பது, பட்டியலில் இடம்பெறாத மற்றொரு பெண்பெயரான நங்கை. குணமும் உறவும் மதிப்பும் இச்சொற்களின் வேர்களில் காணக்கிடைக்கின்றன. ஆண்டுக் கணக்கு ஒன்றில்கூட இல்லை. ஏழாவதான பேரிளம்பெண்ணோ தன் பெயருக்குள்ளேயே இளமையை வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நூல்களை விட்டு ஊருக்குள் செல்வோம். உசிலம்பட்டி, திருமங்கலம், மேலூர்ப் பக்கத்து ஊர்களில் பேதை, பெதும்பை, தெரிவை என்று சொல்லி ஒரு பெண்ணைக் கூப்பிடுவார் இல்லை. அங்கே வழங்கும் சொற்கள் சின்னப்புள்ள, கொமரி, கொமரு, வாக்கப்பட்டவ, பிள்ளத்தாச்சி, அப்பத்தா என்பன. ‘வீட்ல கொமரு இருக்கு, காலாகாலத்துல ஒரு வழி பண்ணணும்’ என்று தகப்பன் பேசுகிறான். ‘ஏத்தா, நீ இன்னும் சின்னப்புள்ளயா?’ என்று கிழவி பேத்தியைக் கடிகிறாள். சின்னப்புள்ள கொமரியாவது ஒரு நிகழ்ச்சியினால். பெண் சமைந்துவிட்டாள் என்ற செய்தி போனதும் தாய்மாமன் பச்சைக் கொம்பும் ஓலையும் வெட்டிவந்து குச்சுக் கட்டுகிறான்; தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்; சடங்கு நாளில் சேலையும் வளையலும் மாலையும் பழமும் வைத்த சீர்த்தட்டுகள் வரிசையாகத் தெருவில் வருகின்றன; மாமன் மாலை போட்டு நிற்கும்போது மேளம் உயர்கிறது. அந்தச் சடங்கில் எந்தக் கட்டத்திலும் யாரும் ஆண்டைக் கணக்கிடுவதில்லை. ஒருத்திக்கு அது பதினொன்றில் வரலாம், மற்றொருத்திக்குப் பதினைந்தில் வரலாம், இருவரும் கொமரிகளே. இந்தச் சடங்கு இன்றைக்கு வேண்டுமா என்பது வேறு விவாதம். சொற்கள் எப்படிப் பிறந்து வழங்குகின்றன என்பதற்கே இதைக் காட்டினேன். கயமனாரின் செவிலி மேனியைக் கண்டு பருவம் சொன்னதும் இந்தக் கிழவி நிகழ்ச்சியைக் கொண்டு பருவம் சொல்வதும் ஒரே முறை. இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பது பாட்டியலின் எண். அந்த அட்டவணையில், நாடெங்கும் இளம்பெண்ணுக்கு வழங்கும் குமரிக்கும் கன்னிக்கும் இடமே இல்லை என்பதையும் கவனிக்கவேண்டும்.

இதனால் என்ன கெட்டுவிடப்போகிறது, பெருமைக்காகச் சொல்லிக்கொள்ளட்டுமே என்பாருக்கு ஒரு வார்த்தை. மாணவன் குறளைப் படிக்கும்போது இந்த எண்கள் குறுக்கே நிற்கின்றன. பேதை என்றதும் குழந்தை என்று நினைக்கிறான், பாட்டின் உயிர் கைநழுவுகிறது. அதைவிடக் கொடியது மற்றொன்று. பன்னிரண்டிலேயே மங்கைப் பருவம் வந்துவிடுகிறது என்பது தமிழ் மரபு என்று சொல்லிச் சிறுவயது மணத்துக்கு இலக்கிய மரியாதை தேடுவோர் இன்னும் இருக்கிறார்கள். 1929-இல் சாரதா சட்டம் பெண்ணின் மணவயதைப் பதினான்காக வைத்தது. 1978-இல் அது பதினெட்டாக உயர்ந்தது. அந்த உயர்வுக்காக இந்நாட்டுப் பெண்கள் எத்தனை காலம் போராடினார்கள்! அந்தப் போராட்டத்துக்கு எதிராக நிறுத்த ஓர் உலா உத்தியைக் கொடுப்பது தமிழுக்குச் செய்யும் சேவையாகாது. அட்டவணையின் மறுமுனையும் அவ்வாறே. நாற்பதில் பட்டியல் முடிகிறது. அதற்கு மேற்பட்ட பெண்ணுக்குப் பெயரே இல்லை. மதுரைப் பூக்கடைகளிலும் வைகைக் கரை வயல்களிலும் அறுபதிலும் உழைக்கும் பெண்களை உடைய நாட்டில், நாற்பதோடு பெண்ணை முடித்துவிடும் ஒரு கணக்கைப் பண்பாட்டின் நுட்பம் என்று கொண்டாடுவது எனக்கு உடன்பாடன்று.

1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியது, பிழைபட்ட பாடங்கள் பெருகாமல் நூல்களை நூல்களாகக் கற்கவேண்டும் என்ற எண்ணத்தோடுதான். அவ்வூர்த் தமிழாசிரியர்களையும் பாட நூல் எழுதுவோரையும் கையேடு தொகுப்போரையும் நான் வேண்டிக்கொள்வது இதுவே: அந்த ஏழு வரிப் பட்டியலை அழிக்கவேண்டாம், சொற்பொருள் பகுதியிலிருந்து எடுத்து உலா இலக்கியப் பாடத்தில் வையுங்கள், அதனடியில் பன்னிரு பாட்டியலின் மாறுபட்ட கணக்கையும், ஆடவர்க்கு அது வகுத்த வயதுகளையும் சேர்த்து அச்சிடுங்கள், மாணவர் அரிவை என்றால் என்ன என்று கேட்டால் இளம்பெண் என்று சொல்லி, குறுந்தொகையின் 2-ஆம் பாட்டைத் திறந்து கொடுங்கள்.